மண்டபத்துக்குள் உதித்த சூரியன்

(மூன்றாம் ஆண்டு இ.சி.இ. மாணவன் ஒருவனின் வாக்குமூலம்)

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று பேரவைச் செயலாளர் என்னை கேண்டீன் வாசலில் மடக்கிப் பிடித்தான். "ஆனா கவிதை மட்டும் வேணாம். ஏற்கெனவே 42 வந்தாச்சு. அதில் பாதிக்கு மேல் நிலா" என்று எச்சரிக்கையும் விட்டான். நண்பர்களே, எனக்கு நிலாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. சூரியனைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அதுவும் வானத்தில் இருக்கிற சூரியன் இல்லை. கம்ப்யூட்டரில் நானே செய்து வைத்த போலிச் சூரியன். அது செய்த வினையைத்தான் எழுதப் போகிறேன்.

நம்மில் பல பேர் லீவு நாளில் சும்மா இருப்பதில்லை. ஒருவன் கேட்டரிங் போகிறான், ஒருவன் செல்போன் கடையில் உட்காருகிறான். நான் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு வீடியோ ஸ்டூடியோவில் எடிட்டிங் வேலை பார்த்தேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா என்று எல்லாம் வரும். கேமராமேன் அண்ணன் எடுத்துக் கொண்டு வருவார். வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டுக் கொடுப்பது என் பாடு.

இரண்டாம் ஆண்டு லீவில் எனக்கு ஒரு பித்து பிடித்தது. அதன் பெயர் லென்ஸ் ஃப்ளேர். சினிமாவில் கதாநாயகன் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நடந்து வரும்போது, திரையில் வட்ட வட்டமாக, ஒரே கோட்டில் மணி கோத்த மாதிரி ஒளித் துணுக்குகள் தெரியும் பாருங்கள், அதுதான். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அதற்கென்று ஒரு எஃபெக்டே இருக்கிறது. 50-300 ஜூம், 35 பிரைம், 105 பிரைம் என்று மூன்று லென்ஸ் காட்டும். ஒன்றைத் தொட்டால் போதும், விடிந்துவிடும். மாலை மாற்றினால் ஒரு ஃப்ளேர். தாலி கட்டினால் ஒரு ஃப்ளேர். பந்தியில் பாயசம் ஊற்றும்போதுகூட ஒன்று வைத்தேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

கேமராமேன் அண்ணன் ஒரு நாள் பின்னால் நின்று பார்த்தார். "ஏண்டா, ஜன்னல் வலது பக்கம். வெயில் வலது பக்கம். நீ இடது மூலையில வச்சிருக்கியே, சூரியன் மண்டபத்துக்குள்ளயா உதிக்குது?" என்றார். "அந்த மூலை காலியா இருந்துச்சுண்ணே" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். கேமரா திரும்பினாலும் என் சூரியன் திரும்பாது. மேளக்காரர் குறுக்கே போனாலும் மங்காது. பார்ட்டிக்குப் பிடித்திருந்தது, பணம் வந்தது, நானும் விட்டுவிட்டேன்.

அந்தக் கல்யாணம் முடிந்து ஒன்றரை மாதம் இருக்கும். பெண்ணின் அப்பா ஸ்டூடியோவுக்கு வந்தார். வேட்டி, சட்டை, மொட்டைத் தலை. பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"தம்பி, எங்க ஆத்தா தவறிப் போச்சு. அது படமே எடுக்க விடாதுப்பா. ஆயுசு குறையும்னு சொல்லும். இந்தக் கல்யாணத்துலதான் பேத்திக்கு அட்சதை போடறப்ப சிரிச்ச முகமா விழுந்திருக்கு. அதை மட்டும் பெருசாப் போட்டுக் குடு. சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டணும்."

"செஞ்சிரலாங்கய்யா" என்று டைம்லைனைத் திறந்தேன். அந்த இடத்துக்குப் போனேன். என் கை அப்படியே நின்றுவிட்டது. முன் வரிசையில் அந்தப் பாட்டி கையைத் தூக்கி அட்சதை போடுகிறார். அவர் முகத்துக்கு மேலே, பச்சையும் ஊதாவுமாக, என்னுடைய ஃப்ளேர்.

ஒரிஜினலை எடுத்துக் கொள்ளலாம் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஹார்ட் டிஸ்கில் இடம் இல்லை என்று டெலிவரி ஆனதும் ஒரிஜினல் எல்லாவற்றையும் அழிப்பது வழக்கம். அழித்ததும் நான்தான். மிஞ்சியது இரண்டு. ஃப்ளேரோடு சேர்ந்து வெந்துபோன முழு வீடியோ ஒன்று. சில எம்பி மட்டுமே இருந்ததால் அழிக்காமல் விட்ட ப்ராஜெக்ட் ஃபைல் இன்னொன்று. "ரெண்டு நாள் டைம் குடுங்கய்யா" என்று அனுப்பிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் முதல் வேலையாக, முதல் ஆண்டில் நமக்கு இயற்பியல் எடுத்த சாரைத் தேடிப் போனேன். அவர் திட்டவில்லை. ஒரு பேப்பரை எடுத்து லென்ஸ் படம் போட்டார்.

"பூச்சு இல்லாத கண்ணாடியோட ஒவ்வொரு முகத்துலயும் சுமார் 4 சதவீத வெளிச்சம் திரும்பிடும், ஞாபகம் இருக்கா? கேமரா லென்ஸுக்குள்ள ஒரு கண்ணாடி இல்லப்பா, பல கண்ணாடி. ஒரு முகத்துல பட்டுத் திரும்பின வெளிச்சம் இன்னொரு முகத்துல பட்டு மறுபடி முன்னால வரும். 4 சதவீதத்துல 4 சதவீதம் எவ்வளவு?"

"0.16 சதவீதம் சார்."

"பத்தாயிரத்துல 16 பங்கு. சாதாரண வெளிச்சம்னா கண்ணுக்கே தெரியாது. சூரியன்னா தெரியும். 10 முகம் இருந்தா இப்படி 45 ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் ஒரு பேய் உருவம் காட்டும்."

அந்தப் பேய்கள்தான் நாம் பார்க்கிற வட்டங்கள். லென்ஸின் கண்ணாடிகள் எல்லாம் ஒரே அச்சில் இருப்பதால், விளக்கையும் படத்தின் நடுப்புள்ளியையும் இணைத்து ஒரு கோடு போட்டால் எல்லா வட்டமும் அந்தக் கோட்டிலேயே நிற்கும். விளக்கு இடது பக்கம் நகர்ந்தால் சில வட்டங்கள் வலது பக்கம் ஓடும். உள்ளே இருக்கிற டயஃப்ரம் 6 இதழ் என்றால் வட்டம் அறுகோணமாகும். நட்சத்திரம் மாதிரி நீளுகிற கதிரின் எண்ணிக்கையும் அதை வைத்துத்தான்: இதழ் 6 என்றால் கதிர் 6, இதழ் 7 போல ஒற்றைப்படை என்றால் அது இரட்டிப்பாகி 14. பச்சை, ஊதா நிறம் எல்லாம் லென்ஸின் மேல் இருக்கிற பூச்சிலிருந்து வருவது.

அந்தப் பூச்சின் கதையும் வேடிக்கை. 1935-ல் ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா என்பவர் இந்தப் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். லென்ஸுக்கு முன்னால் ஹூட் மாட்டுவதும் இதற்குத்தான். ஃப்ளேர் விழுந்தால் கேமராமேனுக்குத் திட்டு விழுந்த காலம் அது. ஜப்பானில் 1950-ல் வந்த 'ரஷோமோன்' படத்தில் கசுவோ மியாகவா இலைகளுக்கு நடுவே கேமராவை நேராகச் சூரியனைப் பார்த்துத் திருப்பினார். 1969-ல் அமெரிக்காவில் 'ஈஸி ரைடர்' படம் எடுத்த லாஸ்லோ கோவாக்ஸ் விழுந்த ஃப்ளேரை அப்படியே விட்டார். தப்பு அழகாகிவிட்டது. 2009-ல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' படத்தில் லென்ஸைப் பார்த்து டார்ச் அடித்தே ஃப்ளேர் வரவழைத்தார்கள். அளவு மீறிப் போய்விட்டது என்று டைரக்டர் ஜே.ஜே. ஆப்ரம்ஸே பிறகு ஒத்துக்கொண்டார். இத்தனை வருஷம் பாடுபட்டு லென்ஸிலிருந்து விரட்டிய பேயை நாம் காசு கொடுத்து சாஃப்ட்வேரில் வாங்கி வைக்கிறோம், பார்த்தீர்களா!

சார் கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு உயிர் கொடுத்தது. "ஃப்ளேர்ங்கறது படத்தை மறைக்கிற பொருள் இல்லப்பா. படத்தோட கூடிக்கற வெளிச்சம். கூட்டினதைக் கழிக்கலாமே?"

ஓடினேன். நான் ஃப்ளேரைக் கறுப்புப் பின்னணியில் செய்து, 'ஆட்' மோடில்தான் மேலே வைத்திருந்தேன். அதாவது வெறும் கூட்டல். பாட்டியின் கன்னத்தில் ஒரு புள்ளியின் மதிப்பு 150, ஃப்ளேர் 60 என்றால் வீடியோவில் இருப்பது 210. ப்ராஜெக்ட் ஃபைலில் ஃப்ளேரின் இடம், அளவு, கீஃப்ரேம் எல்லாம் அப்படியே இருந்தது. கறுப்பில் அதை மட்டும் தனியாக ரெண்டர் செய்து, வெந்துபோன வீடியோவிலிருந்து ஃப்ரேம் ஃப்ரேமாகக் கழித்தேன்.

நண்பர்களே, அந்த நிமிஷத்தை என்னால் மறக்க முடியாது. பச்சை வட்டம் கரைந்தது. ஊதா வட்டம் கரைந்தது. சுருக்கம் விழுந்த கன்னம் வந்தது. தண்டட்டி போட்ட காது வந்தது. பல் இல்லாத அந்தச் சிரிப்பு வந்தது.

ஆனால் நெற்றி வரவில்லை.

காரணம் எளிது. 8 பிட் படத்தில் உச்ச மதிப்பு 255. நெற்றியில் 200 இருந்தது என்று வையுங்கள், அதன் மேல் ஃப்ளேர் 120. கூட்டினால் 320. கம்ப்யூட்டர் 255-க்கு மேல் உள்ளதை வெட்டி எறிந்துவிட்டது. 255-லிருந்து 120 கழித்தால் 135 வரும். 200 வராது. அந்த இடம் திட்டுத் திட்டாக, சாம்பல் நிறமாக நின்றது. அதன் மேல் மெல்ல வெளிச்சம் கூட்டி, சுற்றியிருக்கும் தோலோடு கலந்துவிட்டேன். இரண்டு ராத்திரி போயிற்று. ஆனாலும் நெற்றி நடுவில் ஒரு வெள்ளைத் தீற்றல் மிச்சம் இருந்தது.

பெண்ணின் அப்பா வந்தார். படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "ஆத்தா அன்னிக்கி விபூதி நல்லாப் பூசியிருக்கு" என்றார். காசு கொடுக்க வந்தார். நான் வாங்கவில்லை. அவர் என்னைப் பெரிய மனசுக்காரன் என்று நினைத்துக் கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் ஃப்ளேரைத் தொடவில்லை. இந்த வருஷம் நம் துறை நண்பர்கள் சேர்ந்து எடுத்த குறும்படத்தில்தான் மறுபடி தொட வேண்டி வந்தது. ராத்திரி நேரம், நிற்கிற டவுன் பஸ், அதன் முன்னால் ஒருவன் குறுக்கே போக வேண்டும். பேட்டரி இறங்கிவிடும் என்று டிரைவர் அண்ணன் ஹெட்லைட் போட விடவில்லை. "நீ கம்ப்யூட்டர்ல போட்டுடுவேல்ல?" என்றார்கள்.

இந்த முறை முதலில் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. அதே கேமரா, அதே லென்ஸ், அதே அப்பெர்ச்சர் வைத்து, இருட்டில் ஒரு பைக் ஹெட்லைட்டை ஃப்ரேமுக்குள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்த்திப் படம் எடுத்தேன். அந்த லென்ஸின் நிஜப் பேய்கள் எத்தனை, என்ன நிறம், எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்த்து எழுதிக் கொண்டேன். நீங்களும் செல்போனையும் டார்ச்சையும் வைத்து இன்று ராத்திரியே செய்து பார்க்கலாம், செலவில்லை.

பிறகு பஸ்ஸின் இரண்டு விளக்கையும் டிராக் செய்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்ளேர் வைத்தேன். நடப்பவன் விளக்கை மறைக்கும்போது ஃப்ளேர் பட்டென்று அணையக் கூடாது. விளக்குக்கு அகலம் உண்டு, மூன்று நான்கு ஃப்ரேமில் மெல்ல மறையும். விளக்கு தெரிகிறவரை ஃப்ளேர் அவன் உடம்பின் மேலேயும் விழ வேண்டும், ஏனென்றால் அது பிறப்பது பஸ்ஸில் இல்லை, லென்ஸுக்குள். பலர் ஃப்ளேர் லேயரை ஆளுக்குப் பின்னால் வைத்து ஏமாறுவது இங்கேதான். லென்ஸுக்குள் சிதறும் வெளிச்சம் படம் முழுக்கப் பரவுவதால் கறுப்பும் சற்று வெளுக்க வேண்டும், அதையும் செய்தேன். கிரெய்ன் பிறப்பது லென்ஸுக்குப் பின்னால் உள்ள சென்சாரில். ஆகவே ஃப்ளேர் முதலில், கிரெய்ன் கடைசியில்.

கூட்டலையும் லீனியரில் வைத்துச் செய்தேன். திரையில் 50 சதவீதமாகத் தெரியும் இரண்டு வெளிச்சத்தை அப்படியே கூட்டினால் 100, அதாவது முழு வெள்ளை. நிஜ வெளிச்சக் கணக்குப்படி கூட்டினால் திரையில் சுமார் 69-தான் வரும். போலி ஃப்ளேர் சுண்ணாம்பு அடித்த மாதிரி தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

படத்தைக் கேமராமேன் அண்ணனிடம் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு, "பஸ்ஸுக்கு எவ்வளவுடா வாடகை?" என்று கேட்டார். ஹெட்லைட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வாங்கிய பாராட்டிலேயே பெரியது அதுதான்.

ஒன்று மட்டும் பாக்கி. அந்த ஐயாவின் வீட்டு வழியாகத்தான் எங்கள் பஸ் போகிறது. கதவு திறந்திருந்தால் சாமி படத்துக்குப் பக்கத்தில் பாட்டி தெரிகிறார், நெற்றியில் வெள்ளைத் தீற்றலோடு. அது விபூதி இல்லைங்கய்யா, நான் வைத்த சூரியன் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அதனால் இந்த மலரில் எழுதிவிட்டேன். இதன் ஒரு பிரதியை நானே எடுத்துக் கொண்டுபோய் அவரிடம் கொடுப்பதாக இருக்கிறேன்.

ஜூனியர் தம்பி தங்கைகளே, ஃப்ளேர் வையுங்கள், நன்றாகவே வையுங்கள். வைப்பதற்கு முன்னால், அதற்குக் கீழே யார் முகம் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். ஒரிஜினலை மட்டும் எக்காரணம் கொண்டும் அழித்துவிடாதீர்கள்.