பேத்திக்கு என்று சொல்லி வாங்கிய கிட்டார்

போன தீபாவளிக்கு முன்னால் டி.ஏ. அரியர்ஸ் வந்தது. பென்ஷன்காரர்களுக்குத் தெரியும், அந்தப் பணம் வருவதற்கு முன்பே அதற்கு வேலை வந்துவிடும். மொட்டை மாடியில் தளம் ஒழுகும், இல்லாவிட்டால் வீட்டம்மாவின் பல் டாக்டர். இந்த முறை நான் முந்திக்கொண்டேன். வீட்டில் சொல்லாமல் காந்திபுரம் போய் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கி வந்துவிட்டேன். எனக்கு வயது 73.

கடையில் நான் கை நீட்டிக் காட்டியது சுவரின் கோடியில் தொங்கிய சின்ன கிட்டாரை. பெரிய கிட்டார்களுக்கு நடுவில் அது கன்றுக்குட்டி மாதிரி இருந்தது. கடைப் பையன் என்னைப் பார்த்தான், கிட்டாரைப் பார்த்தான்.

"பேரனுக்குங்களாய்யா?"

"பேத்திக்கு" என்றேன்.

38 வருஷ சர்வீஸில் ஒரு பொய்யான நோட் எழுதியதில்லை. ஆனால் இந்தப் பொய் தயாராகக் காத்திருந்தது போல வாயில் வந்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்த வீட்டம்மாவிடமும் அதையே சொன்னேன். அவள் பொள்ளாச்சிக்காரி. "பத்து வயசுப் புள்ளைக்கு இத்தன காசுக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். 13 ஆயிரத்துச் சொச்சம் என்று நான் சொல்லவேயில்லை, பில்லை எப்படியோ பார்த்துவிட்டாள்.

இந்த ஆசை எப்போது வந்தது என்று சொல்லவேண்டும். நான் புதுச்சேரி, முத்தியால்பேட்டையில் வளர்ந்தவன். படித்தது பிரெஞ்சு மீடியம். 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எங்கள் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. எதிர்வீட்டில் கொடுத்தார்கள். எதிர்வீட்டு அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சொல்தா ஆனார். 1966இல் லீவில் வந்தபோது அவர் தோளில் சிவப்பாக ஒரு எலெக்ட்ரிக் கிட்டார். அப்போது அங்கே பையன்களுக்கெல்லாம் ஜானி ஹாலிடே பைத்தியம்.

ஆம்ப்ளிஃபையர் கிடையாது. ஆனால் அந்தக் காலத்து வால்வு ரேடியோவின் முதுகில் கிராமபோன் சொருக இரண்டு ஓட்டை இருக்கும், பக்கத்தில் பி.யூ. என்று எழுதியிருக்கும். அண்ணன் கிட்டார் ஒயரை அதில் சொருகி ஒரு தந்தியைத் தட்டினார். செய்தி வாசிக்கிற ரேடியோவிலிருந்து அந்தச் சத்தம் வந்ததும் வீதியில் போனவர்கள் நின்றார்கள். ஐந்து நிமிஷம் என் மடியிலும் வைத்தார். தந்திகளுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தார்: மி, லா, ரே, சோல், ஸி, மி. எங்கள் பள்ளிக்கூடத்திலும் ஸ்வரங்களுக்கு அதுதான் பெயர். கோயமுத்தூரில் எல்லோரும் ஈ, ஏ, டி, ஜி என்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் அது அடகுச் சீட்டு நம்பர் மாதிரிதான் கேட்கிறது.

1974இல் மத்திய அரசு குமாஸ்தாவாக கோவை வந்தேன். ரூம் வாடகை, மெஸ் போக மிச்சத்தில் பழைய மர கிட்டார் ஒன்று வாங்கினேன். சர்ச்சில் வாசிக்கிற ஒரு மில் தொழிலாளி கார்டு பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். எங்கள் ரிக்ரியேஷன் கிளப் மெல்லிசைக் கச்சேரிகளில் பின்னால் உட்கார்ந்து தாளத்துக்குத் தட்டுகிற அளவுக்கு வந்தேன். 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்ததும் என் மானம் போயிற்று. 'இளைய நிலா' தொடக்கத்தை வாசி, வாசி என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அதை வாசித்தது ஆர். சந்திரசேகர். அவர் விரல் வேறு, என் விரல் வேறு. அப்புறம் குழந்தை, வீட்டுக் கடன். கிட்டார் பரணுக்குப் போயிற்று, அங்கே கரையான் அதை முடித்தது.

2021இல் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு உடைந்தது. பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் பழையபடி விரியவில்லை. ஸ்பாஞ்ச் பந்தை அழுத்து அழுத்து என்று பிசியோதெரபிப் பெண் ஆறு மாதம் விரட்டினாள். "இதுக்கு மேல முழுசா வராதுங்க ஐயா, பழகிக்குங்க" என்றாள் கடைசியில். சட்டைப் பொத்தான் போட வருகிறது, பேப்பர் மடிக்க வருகிறது, போதாதா என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்குப் போதவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனின் கிட்டாரை ஒரு நாள் வாங்கி 'ஃபா' கார்டு பிடித்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரலை ஆறு தந்திக்கும் குறுக்கே படுக்கவைத்து, மற்ற விரல்களை மூன்றாவது ஃபிரெட் வரை விரிக்க வேண்டும். (வீணைக்காரர்கள் மெட்டு என்பதைத்தான் இவர்கள் ஃபிரெட் என்கிறார்கள்.) சுண்டு விரல் அரை அங்குலம் குறைவாக நின்றுகொண்டு நடுங்கியது. பையன் மரியாதையாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று ராத்திரி பழைய பழக்கத்தில் ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்தி அதிர்கிற நீளம் 25.5 அங்குலம். அந்த நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட் இருக்கும் தூரம் வரும், மீதியை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. அப்படிப் பார்த்தால் தலைமாட்டிலிருந்து மூன்றாவது ஃபிரெட் வரை 103 மில்லிமீட்டர். சின்ன கிட்டாரில் நீளம் 22.75 அங்குலம், அதே மூன்றாவது ஃபிரெட் 92 மில்லிமீட்டரில் வந்துவிடுகிறது. 11 மில்லிமீட்டர் மிச்சம். என் சுண்டு விரல் கேட்டதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இன்னொரு லாபமும் இருந்தது. அதே தந்தியை அதே ஸ்ருதிக்கு முறுக்கினால், நீளம் குறையக் குறைய இழுவிசை அதன் வர்க்கத்தில் குறையும். இங்கே அது கிட்டத்தட்ட 20 சதவீதம். தந்தி தொளதொள என்று இருக்கும், ஒரு நம்பர் தடிமனான தந்தி போடுங்கள் என்று கடைப் பையன் சொன்னான். போட்டால் அந்த 20 சதவீதம் போய்விடும், நான் பழைய தந்தியையே வைத்துக்கொண்டேன். இந்தக் குட்டை கிட்டார் புதிய தந்திரமும் இல்லை. ஃபெண்டர் கம்பெனி 1956இலேயே 22.5 அங்குலத்தில் மியூசிக்மாஸ்டர், டுயோ-சோனிக் என்று மாணவர்களுக்காகக் கொண்டுவந்தது. மாணவன் என்றால் சின்னப் பையன்தான் என்று யார் சொன்னது?

விலைக்குத் தகுந்த சாமான்தான், குறைகள் இருந்தன. முதல் குறை, தலைமாட்டில் தந்திகள் உட்காரும் வெள்ளை பிளாஸ்டிக் துண்டு. நட் என்பார்கள். அதன் பள்ளங்கள் மேலாக இருந்ததால் முதல் ஃபிரெட்டில் தந்தியை ஆணி அடிப்பது போல அழுத்த வேண்டியிருந்தது. பள்ளத்தை ஆழப்படுத்தும் அரம் தனியாக விற்கிறார்கள், விலையைக் கேட்டால் கிட்டாரில் பாதி. நம் ஊரில் கேஸ் வெல்டிங் நாசில் குத்திச் சுத்தம் செய்ய, சொரசொரப்பான கம்பிகள் ஒரு கொத்தாக விற்கும். அதை வாங்கினேன். மூன்றாவது ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃபிரெட்டின் மேல் ஒரு தாள் மட்டும் நுழைகிற இடைவெளி வரும்வரை தேய்க்க வேண்டும். ஐந்து தந்திக்குச் சரியாக வந்தது. 'சோல்' தந்தியில் அவசரப்பட்டு அதிகம் தேய்த்துவிட்டேன், தந்தி ஃபிரெட்டில் உரசி ஈ மாதிரி ரீங்காரம். சமையல் சோடாவைப் பள்ளத்தில் அடைத்து, அதன் மேல் ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டால் கல்லாகிவிடும், மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். செய்தேன். "ஏனுங்க, ஆப்ப சோடா டப்பா எங்க போச்சு?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. பதில் சொல்லவில்லை.

அடுத்தது 'உம்ம்ம்' என்ற சத்தம். மின்சாரத்தின் 50 சைக்கிள், காந்தக் கம்பிச்சுருள் வழியாக உள்ளே வந்துவிடும். கிட்டாரைத் திறந்து குழி முழுக்கச் செம்புத் தகடு ஒட்டி, அதை எர்த் ஒயரோடு பற்றவைக்க வேண்டும் என்று படித்திருந்தேன். தகடு ஒட்டியது அழகாக வந்தது. பற்றவைக்கும்போதுதான் கை நடுங்கியது. சால்டரிங் அயர்ன் வழுக்கி நடு பிக்கப்பின் மேல் பட்டு, தலைமுடியை விட மெல்லிய கம்பி அறுந்தது. பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம். கீழே காந்தம், சுற்றிலும் ஆயிரக்கணக்கான சுற்றுக் கம்பி. மீட்டர் வைத்துப் பார்த்தேன், உயிர் இல்லை. வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. இரண்டு நாள் அதைத் துணி போட்டு மூடிவைத்தேன். கையும் போய், காசும் போய், பொய்யும் சொல்லி, எதற்கு இந்த வேலை என்று தோன்றியது.

மூன்றாம் நாள் கணபதி பக்கம் போனபோது ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடை கண்ணில் பட்டது. இந்தியாவிலேயே முதல் மோட்டாரை 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் செய்தது இந்த ஊரில்தான். பம்ப்செட் மோட்டார் சுற்றித் தராத தெரு இங்கே குறைவு. பாக்கெட்டிலிருந்து பிக்கப்பை எடுத்து நீட்டினேன். கடைக்காரர் அதைக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்னுங்க சார், எந்த மோட்டாருதுங்க?"

கிட்டாருடையது என்றேன். உள்ளே காந்தம் இருப்பதைக் காட்டினேன். இரும்புத் தந்தி காந்தத்துக்குப் பக்கத்தில் ஆடினால் சுருளில் கரண்ட் வரும் என்றேன்.

"அட, அப்ப இது ஜெனரேட்டருங்கோ" என்றார். ஒரே வார்த்தை. நான் படித்த விளக்கங்கள் எல்லாம் பக்கம் பக்கமாக இருந்தன.

அவரிடம் இருந்தது தடிமன் கம்பி. ரிலே சுருள் சுற்றுகிற நண்பரிடமிருந்து 0.06 மில்லிமீட்டர் கம்பி வரவழைத்தார். முதல் தடவை நாலாயிரம் சுற்றில் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து 7,500 சுற்று. கண்ணுக்கே தெரியாத கம்பியை இரண்டு விரல் நடுவே விட்டுப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தார். மீட்டரில் 6 கிலோ ஓம்ஸுக்குச் சற்று மேல் காட்டியது. மற்ற இரண்டு பிக்கப்பும் அதே அளவுதான். 600 ரூபாய் வாங்கினார். வாசித்துக் காட்டவேண்டும் என்று கண்டிஷன் வேறு.

வீட்டில் மாட்டினால் நடு பிக்கப் தனியாக நன்றாகப் பேசியது. பக்கத்துப் பிக்கப்போடு சேர்த்துப் போட்டால் சத்தம் சளிபிடித்த மூக்கு மாதிரி மெலிந்துவிட்டது. போன் செய்தேன். அவர் சிரித்தார். "மோட்டாரு திருப்பிச் சுத்துனா என்னுங்க பண்ணுவோம்? ரெண்டு ஒயர மாத்திக் குடுங்க." மாற்றினேன், சரியாயிற்று. ஒன்று முன்னே தள்ள, இன்னொன்று பின்னே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. போனை வைக்கும் முன் இன்னொன்றும் கேட்டார்: "எர்த் குழிக்குத் தண்ணி ஊத்தி எத்தன நாளாச்சுங்க?" வீடு கட்டிய வருஷம்தான் என்று ஞாபகம். அன்று சாயங்காலம் கொல்லையில் இரண்டு குடம் உப்புத் தண்ணீர் ஊற்றினேன். 'உம்ம்ம்' பாதிக்கு மேல் அடங்கிவிட்டது.

மார்கழியில் ஒரு விடியற்காலை, ஆம்ப்ளிஃபையர் போடாமல், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு 'ஃபா' பிடித்தேன். ஆள்காட்டி விரல் படுத்தது. மோதிர விரல் போய் உட்கார்ந்தது. சுண்டு விரல் வலியோடு விரிந்து தந்தியைத் தொட்டது. தட்டினேன். ஆறில் ஐந்து தந்தி பேசின. ஆறாவது 'டொக்' என்றது. மறுபடி தட்டினேன், மறுபடி ஐந்துதான். கை ஓயும்வரை தட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். வீட்டம்மா டம்ளரை வைத்தபடி, "பேத்தி வர்றதுக்குள்ள நீங்களே தேச்சுப் போடுவீங்களாட்ட இருக்குது" என்றாள்.

மே மாதம் பேத்தி பெங்களூரிலிருந்து வந்தாள். தாய்வழித் தாத்தாவை இங்கே அப்புச்சி என்பார்கள், பாட்டி அவளுக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறாள். வந்ததும் வராததுமாக, "அப்புச்சி உனக்குக் கிட்டாரு வாங்கி வெச்சிருக்காரு கண்ணு" என்று பாட்டி சொல்லிவிட்டாள். எடுத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? அது அவள் மடியில் கச்சிதமாக உட்கார்ந்தது. இனி என் அறைக்குத் திரும்பாது என்றுதான் நினைத்தேன். அவள் இரண்டு தட்டுத் தட்டினாள், மேலும் கீழும் பார்த்தாள்.

"இது குட்டியா இருக்கே அப்புச்சி. எங்க ஸ்கூல்ல அக்காங்கல்லாம் பெருசு வெச்சிருக்காங்க. எனக்குப் பெருசுதான் வேணும்."

வீட்டம்மா என்னைப் பார்த்தாள். "அப்ப இது ஆருக்குங்க?"

"எனக்கு" என்றேன்.

"அது அன்னைக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுத் துவரம்பருப்பைப் புடைக்க உட்கார்ந்தாள். பேத்தி கிட்டாரை என்னிடம் நீட்டி, ஏதாவது வாசி என்றாள். 'ஃபா' மட்டும் வாசித்தேன். அன்றைக்கும் ஐந்து தந்திதான்.