தேடிச் செல்லும் ஒப்புரவு

ஈகை வேறு, ஒப்புரவு வேறு. இல்லார்க்கு உள்ளார் இரங்கிக் கொடுப்பது ஈகை. உடன்வாழ்வோர் ஒருவர்க்கொருவர் கடப்பாடு உடையர் என உணர்ந்து உதவுவது ஒப்புரவு. இவ்வேற்றுமை கருதியே திருவள்ளுவர், ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமும் ஈகை என ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். பெருநோய் பரவும் காலத்தில் மக்களைக் காப்பது யாது என வினவின், ஈகையினும் ஒப்புரவே என்பது புலனாகும்.

கொல்லிமலை ஈகைக்குப் பெயர் பெற்றது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அவனை நாடிப் பாணரும் புலவரும் வந்தனர். பரிசில் பெற்று மீண்டனர். வேண்டுவோர் செல்வதும், வழங்குவோர் இருந்த இடத்திலிருந்தே வழங்குவதும் அக்காலக் கொடையின் இயல்பு. ஆனால், வேண்டுவோர் தம் ஊர் எல்லையைக் கடக்கவே இயலாத காலம் வந்தால் என் செய்வது? அத்தகைய காலம் 2020ஆம் ஆண்டில் வந்தது.

அவ்வாண்டு மார்ச்சு 11ஆம் நாள், கொரோனா நோய் உலகப் பெருந்தொற்று என உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. மார்ச்சு 25 முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பேருந்துகள் நின்றன, சந்தைகள் மூடப்பட்டன, பள்ளிகளும் அங்கன்வாடிகளும் அடைக்கப்பட்டன.

இதனை மனத்திற்கொண்டு குண்டூர் நாட்டை நோக்குவோம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் உள்ள 14 நாடுகளுள் அஃது ஒன்று. மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்களே இம்மலையில் பெரும்பான்மையோர். சாமையும் கேழ்வரகும் விளைவிப்பர். மிளகும் பலாவும் வாழையும் சந்தைக்கு அனுப்புவர். அவர்தம் சிற்றூர்கள் மேடுகளுக்கும் பள்ளங்களுக்கும் இடையே சிதறிக் கிடக்கின்றன. காரவள்ளிக்கு இறங்கும் மலைச்சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. இத்தகைய இடத்தில் பேருந்து நின்றால் சந்தை நிற்கும். சந்தை நின்றால் கையில் காசு நிற்காது.

இம்முடக்கத்தால் மிகுதியும் நலிபவர் யாவர்? புதிதாகக் குடித்தனம் தொடங்கிய இளங்குடும்பத்தினர். அவர்களிடம் சேமிப்பு இராது. மனைவி கருவுற்றிருப்பாள், அல்லது கைக்குழந்தையோடு இருப்பாள். குழந்தைக்குப் பிறந்தவுடனும், பின்னர் 6, 10, 14ஆம் வாரங்களிலும், 9ஆம் மாதத்திலும் தடுப்பூசி இடல் வேண்டும். ஊரடங்கு முடிந்த பின் வளர்க என்று குழந்தையிடம் கூற இயலுமா?

அரசு உதவாமல் இல்லை. தமிழ்நாட்டில் அரிசி பெறும் குடும்ப அட்டை ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாயும், ஏப்பிரல் திங்களுக்குரிய அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் ஆகியனவும் விலையின்றி வழங்கப்பட்டன. அங்கன்வாடியில் பெறும் சத்துமாவு தாய்மார்க்கும் குழந்தைகட்கும் வீட்டிலேயே கொடுக்கப்பட்டது. எனினும், இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. உதவி, அட்டையையும் பதிவேட்டையும் பின்பற்றியே செல்லும். பெற்றோரின் அட்டையிலிருந்து பிரிந்து தமக்கெனப் புதிய அட்டை பெறாத இளந்தம்பதியர் அவ்வுதவியின் கண்ணுக்குப் புலப்படார். வேற்றூரில் வேலை செய்து திரும்பியோரின் குழந்தை, உள்ளூர்ப் பதிவேட்டில் இடம்பெற்றிராது. இவ்வாறு, உதவி மிக வேண்டுவோரே ஏட்டில் இல்லாதவராதல் உண்டு.

ஏட்டில் இல்லாதவரை அறிந்தவர் யார்? அண்டை வீட்டாரே. எவ்வீட்டில் அடுப்பு எரியவில்லை, எப்பெண்ணுக்கு இது நிறைமாதம், எக்குழந்தை பாலின்றி அழுகிறது என்பவற்றை ஏடு அறியாது, அயலார் அறிவர். தாம் அறிந்ததை அங்கன்வாடிப் பணியாளரிடமோ, கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ, மகளிர் சுய உதவிக் குழுவினரிடமோ அவர் ஒரு சொல் உரைத்தால் போதும். விடுபட்ட பெயர் ஏடேறும். சத்துமாவு வீடு சேரும். பேறுகாலத்திற்கு ஊர்தி முன்னரே ஏற்பாடாகும். அவ்வொரு சொல் உரைக்கப்படாவிடில், அரசின் பண்டகசாலையில் அரிசி இருந்தும் குழந்தை பசித்திருக்கும்.

‘விலகி இருங்கள் என்றனரே, நெருங்கி உதவுவது எங்ஙனம்?’ எனச் சிலர் ஐயுறலாம். விலகவேண்டியது உடலே, உறவு அன்று. முகக்கவசம் அணிந்து, பொருளைத் திண்ணையில் வைத்து, எட்ட நின்று நலம் வினவுதல் எவர்க்கும் இயலும். அம்முகக்கவசங்களையும் மகளிர் குழுவினர் பலர் தைத்து வழங்கினர். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு தருமபுரியில் தொடங்கிப் பரவிய இக்குழுக்கள், சிறுசேமிப்புக்காக அமைந்தவை. இடர் வந்தபோது ஊரின் கைகளாயின.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. இக்குழுக்களைச் சேர்ந்த பெண்கள் வீடுதோறும் சென்று குருதி அழுத்தம் பார்த்து, மருந்து வழங்கலாயினர். அக்டோபர்த் திங்களில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. இரு பெயர்களிலும் அமைந்த ‘தேடி’ என்னும் சொல்லை மாணவர் உற்று நோக்குக. பெருந்தொற்று கற்பித்த பாடம் அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

மாணவர்க்கும் இதில் பங்கு உண்டு. எழுதப் படிக்க அறியாதார்க்கு விண்ணப்பம் எழுதித் தரலாம். தடுப்பூசி நாளை நினைவூட்டலாம். தம் தெருவில் புதிதாகக் குடிவந்த இளங்குடும்பத்தின் பெயர் ஏட்டில் உள்ளதா எனக் கேட்டறியலாம். இதற்குப் பொருட்செல்வம் வேண்டுவதில்லை; அயலவர் நிலையை அறியும் அக்கறை ஒன்றே வேண்டும். நோய் வரும் நாள்வரை காத்திராமல், அண்டை வீட்டாரை இன்றே அறிந்துகொள்வோமாக.