குறி சொல்வோரும் குறி பார்ப்போரும்

‘குறி’ என்னும் சொல்லை நம் நாட்டில் இரு தொழிலார் ஆள்கின்றனர். குறி சொல்வோர் ஒருவகை; குறி பார்த்துச் சுடுவோர் மற்றொரு வகை. முன்னவர் சொன்னது பலிக்கவில்லையென்றால் பழியைக் கோள்கள் சுமக்கும். பின்னவர் பிழைத்தாலோ பலகையே சான்று பகரும்!

திண்டுக்கல்லில் மாசித் திருவிழா நாளொன்றில் இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கண்டோம். இப்புறம் கிளிச் சோதிடர். அப்புறம் பலூன் சுடும் கடை. சோதிடரைச் சுற்றிக் கூட்டம். கடையிலோ ஒரே ஒரு பள்ளிச் சிறுமி. காற்றில் ஆடிய பலூனை நோக்கிச் சுட்டாள், தவறியது. மறுமுறை, பலூன் ஆடி வந்து சேரவிருக்கும் இடத்தை நோக்கிச் சுட்டாள், வெடித்தது. வருங்காலத்தை அறிந்தவர் அன்று யார்? கிளி வைத்திருந்தவரா, கணக்குப் போட்ட சிறுமியா?

அச்சிறுமி கண்டுகொண்டதே ஓடும் இலக்கைச் சுடும் போட்டியின் உயிர்நிலை. 10 மீட்டர் தொலைவில், 2 மீட்டர் அகலமுள்ள திறப்பில் இலக்கு ஓடும். மெதுவோட்டத்தில் 5 நொடி, விரைவோட்டத்தில் 2.5 நொடி மட்டுமே தென்படும். நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் பாயும் குண்டு அதை எட்டுவதற்குள், விரைவோட்டத்தில் இலக்கு 5 செ.மீ. அளவு நகர்ந்துவிடும். இருக்கும் இடத்தைச் சுட்டால் வெறும் இடத்தைத்தான் சுடலாம்! கையை நிறுத்தாமல் இலக்கோடு துப்பாக்கியையும் ஓட்டியபடியே விசையை அழுத்தவேண்டும். இங்கே நல்ல நேரம் பார்ப்பதெப்படி?

சுவீடன் நாட்டு ஆஸ்கர் சுவான், 1920இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில், ஓடும் மான் வடிவப் பலகையைச் சுடும் அணிப் போட்டியில் வெள்ளி வென்றார். அப்போது அவர் அகவை 72! 2004க்குப் பின் ஒலிம்பிக்கில் இப்போட்டி இல்லை. உலகப் போட்டிகளில் வாழ்கிறது.

நம் நாட்டுக் கதையிலும் சுழலும் மீன் உண்டு. ஆனால், கர்ணன் வில்லெடுத்தபோது எழுந்த வினா என்ன? “குறி தப்புமா?” என்பதன்று, “குலம் எது?” என்பதே! மீனுக்குத் தெரியுமா எய்தவன் பிறப்பு?

கதை போகட்டும், வரலாற்றுக்கு வருவோம். அரச குலத்தில் பிறவாத ஐதர் அலி, 1755இல் இதே திண்டுக்கல்லில் பவுஜ்தாராக அமர்ந்து, பிரெஞ்சுக்காரர் துணையோடு படைக்கலச் சாலை கண்டார். பிறப்பு தராததைப் பயிற்சி தந்தது. பின்னர் 1878இல் ஆங்கில ஆட்சி இயற்றிய ஆயுதச் சட்டம், இந்தியனை உரிமம் கேட்டு நிற்க வைத்தது, ஐரோப்பியனுக்கு விலக்களித்தது. அரண்மனைக்கும் வெள்ளையர்க்கும் வேட்டை, உழவனுக்கு வேடிக்கை!

இன்று சட்டம் குலம் கேட்பதில்லை; கடைக்காரர் விலை கேட்கிறார். புதுக்கோட்டை அரச மரபினரான பிருத்விராஜ் தொண்டைமான் 2024இல் பாரிசு ஒலிம்பிக்கில் பறக்கும் தட்டுகளைச் சுட்டார், மகிழ்கிறோம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றார், பெருமை கொள்கிறோம். ஆனால், திண்டுக்கல் சமவெளியில் பூட்டுப் பட்டறைத் தொழிலாளியின் மகளுக்கு அந்தத் துப்பாக்கியை யார் தருவது?

தோழர்களே! உயிரைக் கொல்லக் கேட்கவில்லை நாம். பலகையைத் துளைக்கக் கேட்கிறோம். ஊருக்கு ஒரு பயிற்சிக்கூடம், பள்ளிக்கு ஒரு பொதுத் துப்பாக்கி, ஆண் பெண் இருபாலார்க்கும் ஒரே வரிசை: இவற்றைக் கேட்போம். கைரேகை காட்ட நீளும் கைகள், அங்கே கருவி ஏந்தப் பழகட்டும்.