இடக்காலுக்கு ஓய்வு

கார் வாங்க எண்ணும் அன்பர்கள் விலை, நிறம், மைலேஜ் ஆகியவற்றை விசாரித்த பின்னரே, கியர் கையால் மாற்றுவதா தானாக மாறுவதா என்று கேட்பார்கள். மட்டாஞ்சேரியில் பிழைப்பும் போடிநாயக்கனூரில் சொந்த பந்தமும் கொண்ட எங்கள் குடும்பத்திலோ அவ்வினாவே முதலில் எழுந்தது. காரணம், தந்தையாரின் இடது முழங்கால். ஊருக்குத் தாமே வண்டி ஓட்டிச் செல்வதை அவர்கள் விட்டுவிடுவார்களோ என்ற கவலை எங்களுக்கு.

பஜார் ரோட்டை அறிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. கிடங்கு வாசலில் ஒரு லாரி நின்றுவிட்டால், பின்னால் உள்ள வண்டிகளெல்லாம் அங்குலம் அங்குலமாக நகர வேண்டியதுதான். கிளட்சை எத்தனை முறை மிதிப்பது! சுக்கும் மிளகும் மணக்கும் தெருதான். ஆயினும் அந்த மணம் முழங்காலுக்கு மருந்தாகாது.

தானியங்கியே வேண்டும் என்றார்கள் அன்னையார். ஆனால் நாங்கள் ஊருக்குச் செல்வது மூணாறு வழியாக அல்லவா? போடிமெட்டின் 17 கொண்டையூசி வளைவுகளில் இறங்க வேண்டும். திரும்புகையில் அரிசி மூட்டையுடன் ஏறவும் வேண்டும். எஞ்சினின் அளவைக் கருத வேண்டிய இடம் அதுவே.

டார்க் கன்வர்ட்டர் உள்ள தானியங்கியில், கிளட்சுக்குப் பதிலாகச் சுழலும் எண்ணெய் விசையைக் கடத்துகிறது. வழியிலேயே சிறிது விசை வீணாகும். 1500 சி.சி. எஞ்சினுக்கு அது பெரிதன்று, 1000 சி.சி. எஞ்சினோ ஐந்து பேரைச் சுமந்து மலையேறும்போது திணறும். டர்போ பொருத்திய சிறு எஞ்சின்கள் வேறு இனம். அவற்றின் விலையும் வேறு இனம்.

2014-ஆம் ஆண்டில் மாருதி செலேரியோவில் அறிமுகமான ஏ.எம்.டி. நடுவழியாகத் தோன்றியது. கியர்ப்பெட்டியும் கிளட்சும் பழையனவே; மிதிப்பதையும் மாற்றுவதையும் மட்டும் கருவி செய்கிறது. விசை வீணாவது குறைவு, விலையும் அடக்கம். ஆனால் கியர் மாறும் கணத்தில் வண்டி சற்றுத் தயங்கித் தலையசைக்கும். ஏற்றத்தில் பிரேக் போடாமல் ஆக்சிலேட்டராலேயே வண்டியை நிறுத்திப் பிடித்தால் கிளட்ச் சூடேறும்.

"மலையில் கியர் என் கையில் இருக்க வேண்டாமா?" என்றார்கள் தந்தையார்.

"கை இருக்கட்டும், காலைப் பாருங்கள்" என்றார்கள் அன்னையார்.

முடிவில் 1200 சி.சி. எஞ்சினும் ஏ.எம்.டி.யும் கொண்ட வண்டியை வாங்கினோம். வேண்டும்போது கியரைக் கையாலும் மாற்றிக்கொள்ளும் வசதி அதில் உண்டு. போடிமெட்டில் தந்தையார் இரண்டாம் கியருக்கு மாற்றி, பிரேக்கைத் தேய்க்காமல், பதினேழு வளைவுகளையும் தாமே ஓட்டி இறங்கினார்கள்.