வீசாட்டில் திரும்பி வந்த 86 யுவான்!

சைனாவுக்குப் படிக்கக் கிளம்பினால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? நான் செய்ததையேதான் செய்வீர்கள். 'சீனாவில் செய்யக்கூடாதவை' என்று ஒரு லிஸ்ட்டைத் தேடிப் பிடித்து, பரீட்சைக்கு முந்தின ராத்திரி மாதிரி உருப்போட்டேன்.

சாப்ஸ்டிக்கைச் சோற்றில் நட்டுக்குத்தாகச் செருகக் கூடாது. இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றி வைத்தது போல இருக்குமாம். யாருக்கும் சுவர்க் கடிகாரம் பரிசளிக்கக் கூடாது. 'கடிகாரம் கொடுப்பது' என்பதும் 'கடைசிக் காலத்தில் வழியனுப்புவது' என்பதும் சீன மொழியில் காதுக்கு ஒன்றுதான். நாலாம் நம்பர் ஆகாது, 'சாவு' மாதிரி ஒலிக்கும். பேரைச் சிவப்பு மையில் எழுதக் கூடாது. கொடுத்தாலும் வாங்கினாலும் ரெண்டு கையால். எல்லாம் அத்துப்படி. நூத்துக்கு நூறு!

ஆனா, நான் பல்பு வாங்கினது சிலபஸ்லயே இல்லாத கேள்வியில்.

2024 செப்டம்பரில், ஃபுஜியன் மாகாணத்துக் கடலோர நகரமான ஷியாமெனில் இறங்கினேன். ஒரே ஒரு செமஸ்டர். ஒரு லேபில் விசிட்டிங் ஸ்டூடண்ட். அங்கே சீனியர் பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'ஷிஜியே' என்பார்கள். ஒரே வாத்தியாரிடம் படிக்கும் அக்கா என்று அர்த்தம். நம்ம ஹாஸ்டலில் சீனியரை அக்கா என்கிறோமே, அதே கதைதான். எனக்கும் ஒரு ஷிஜியே கிடைத்தார். காலையில் பார்த்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "சாப்பிட்டாச்சா?" மதுரையில் இருக்கிறேனா, சைனாவில் இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

நவம்பரில் எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்கவே முடியவில்லை. ஷிஜியேதான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். மருந்து வாங்கினார். ரூமுக்குச் சுடச்சுட அரிசிக் கஞ்சி கொண்டு வந்தார். (இங்கிலீஷில் அதற்கு 'காஞ்ஜி' என்று பேர். நம்ம 'கஞ்சி'யேதான் அங்கே போயிருக்கிறது!) மணிக்கொரு தரம் "வெந்நீர் குடி, வெந்நீர் குடி" என்று மெசேஜ் வேறு.

மூணாம் நாள் தெம்பு வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தேன். 86 யுவான். உடனே வீசாட்டில் அனுப்பிவிட்டு, கீழே 'ரொம்ப ரொம்ப நன்றி' என்று நாலு வரி டைப் பண்ணினேன். கடன் வைக்காத நல்ல பொண்ணு இல்லையா நான்!

பதில் வரவில்லை. வீசாட்டில் ஒரு ரூல் உண்டு. நாம் அனுப்பிய பணத்தை எதிராளி 24 மணி நேரத்துக்குள் எடுத்துக்கொள்ளாவிட்டால், அது தானாகத் திரும்பிவிடும். மறுநாள் சாயங்காலம் என் 86 யுவான் என்னிடமே வந்து நின்றது. அடுத்து வந்த நாட்களில் ஷிஜியே சிரித்தார், பேசினார். ஆனால் "சாப்பிட்டாச்சா?" மட்டும் காணாமல் போயிருந்தது.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பக்கத்து டேபிள் பையன்தான் விளக்கினான். "ஹோட்டல் பில்லுன்னா நாங்களும் பிரிச்சுக்குவோம், அதுக்கு 'ஏஏ'ன்னே பேர் இருக்கு. ஆனா இது பில் இல்ல. நீ கணக்கை முடிச்சுட்ட. கணக்கு முடிஞ்சா உறவும் முடிஞ்சதுன்னு அர்த்தம். நன்றி மேல நன்றியா சொன்னா, 'நீ எனக்கு அந்நியம்'னு சொல்ற மாதிரி."

சுருக்கென்றது. ஏன்னா, இது எனக்குத் தெரியாத விஷயமா? பக்கத்து வீட்டில் குழம்பு கொடுத்த கிண்ணத்தை எங்கம்மா வெறுங்கிண்ணமாகத் திருப்பித் தந்ததே இல்லை. அதற்காக அன்றைக்கே அம்பது ரூபாய் நோட்டை நீட்டுவாரா? அவ்வளவு ஏன், சோறு போட்ட அம்மாவுக்கு நாம் என்றைக்காவது 'நன்றி' சொல்லியிருக்கிறோமா?

சீனர்கள் இதை 'ரென்ச்சிங்' என்கிறார்கள். மனுஷனுக்கு மனுஷன் பட்டிருக்கும் கடன். அங்கேயும் கல்யாணத்தில் சிவப்புக் கவரில் பணம் வைக்கிறார்கள். யார் எவ்வளவு என்று நோட்டில் எழுதுகிறார்கள். அவர்கள் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்கிறார்கள். அட, நம்ம மொய் நோட்டு!

சரி, உடைந்ததை ஒட்டவைப்பது எப்படி? மன்னிப்புக் கேட்டால் அதுவும் இன்னொரு ஃபார்மாலிட்டி ஆகிவிடும். யோசித்தேன். நேராகப் போய், "ஷிஜியே, குளிருக்கு ஒரு ஜாக்கெட் வாங்கணும். எனக்குப் பேரம் பேசத் தெரியாது. கூட வருவீங்களா?" என்றேன். புதுசாக இன்னொரு கடன்! முதலில் முறைத்தார். அப்புறம் சிரித்தார். "முதல்ல சாப்பிட்டியா, சொல்லு."

டிசம்பர் 21, குளிர்காலச் சங்கராந்தி. குடும்பமே ஒன்றுகூடி, அரிசிமாவு உருண்டை போட்ட இனிப்புச் சூப் குடிக்கும் நாள். ஷிஜியே என்னை அன்ஷியில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். டிக்வான்யின் என்ற புகழ்பெற்ற தேயிலை விளையும் ஊர் அது. பாட்டி சின்னச் சின்னக் கப்பில் டீ ஊற்றினார். முக்கால் கப் மட்டும்தான். விளிம்பு வரை ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று சொல்வது போலாம். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் ஷிஜியே பேசாமல் ரெண்டு விரலால் மேஜையைத் தட்டினார். வாய் திறக்காத நன்றி. நானும் தட்டினேன். சாப்பாட்டில்தான் மாட்டிக்கொண்டேன். கிண்ணத்தைக் காலி செய்வது மரியாதை என்று நான் நினைக்க, காலியானால் பசி தீரவில்லை என்று பாட்டி நினைக்க, மூன்று ரவுண்டு ஓடியது!

கிளம்பும்போது பாட்டி ஒரு தேயிலைப் பொட்டலத்தை நீட்டினார். ரெண்டு தடவை வேண்டாம் என்றேன். மூணாவது தடவை ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பர்ஸைத் தொடவில்லை. "அடுத்த தடவை எங்க ஊர்ல இருந்து முறுக்கு கொண்டு வர்றேன் பாட்டி" என்றேன். ஷிஜியே மொழிபெயர்த்தார். பாட்டி என் கையை விடவே இல்லை.

நீங்களும் போனால் அந்த லிஸ்ட்டைக் கட்டாயம் படியுங்கள். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் குத்தாதீர்கள். கடிகாரம் கொடுக்காதீர்கள். ஆனால் உடம்பு சரியில்லாதபோது யாராவது கஞ்சி கொண்டு வந்தால், தயவுசெய்து ரசீதைக் கூட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

என் கணக்கில் 86 யுவானும், ஒரு பொட்டலம் தேயிலையும், ஒரு பேரமும் இன்னும் பாக்கி இருக்கின்றன. முழுசாக அடைக்கிற ஐடியா எனக்குச் சத்தியமாக இல்லை!