கை வைக்க விடாத சர்வர்

எங்கள் வீட்டு சர்வரில் இப்போது ஓடுவது ஃபெடோரா கோர்ஓஎஸ். குடும்பப் படங்களுக்கு இம்மிச், சினிமாவுக்கு ஜெல்லிஃபின், அவ்வளவுதான் அதற்கு வேலை. முன்பு டெபியன் இருந்தது. நம்பகமான சிஸ்டம்தான். ஆனால் ஆண்டுகள் போகப்போக, எது அதனுடன் வந்த ஃபைல், எது நான் திருத்தியது என்று பிரிக்க முடியாமல் போனது. டிஸ்க் போனால் அதே மெஷினைத் திரும்ப எழுப்ப முடியுமா என்ற கவலைதான் என்னை மாற வைத்தது.

மாற்று தேடியபோது பார்த்தவற்றில் நிக்ஸ்ஓஎஸ் அருமை, ஆனால் அதற்கென்று ஒரு மொழியையே கற்க வேண்டும். ஓப்பன்சூசே மைக்ரோஓஎஸ், பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டை நம்பி நிற்பது. அதுவும் நல்ல தேர்வே. கோர்ஓஎஸ் பிடித்ததற்குக் காரணம் பியூட்டேன் ஃபைல். யூசர், எஸ்எஸ்எச் கீ, எந்தக் கன்டெய்னர் ஓட வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரே ஃபைலில் அடங்கிவிடுகிறது. அதை, மெஷினை அமைக்கும் இக்னிஷன் படிக்கும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்தால், முதல் பூட்டிலேயே மெஷின் தயார்.

யூஎஸ்ஆர் டைரக்டரியில் எதை எழுதப் போனாலும் ‘ரீட்-ஒன்லி’ என்று மறுத்துவிடும். அப்டேட் வந்தால் ஓடுகிற சிஸ்டத்தைத் தொடாமல், புதியதைத் தனியாக வைத்து, ரீபூட்டில் மாறிக்கொள்ளும். ஆர்பிஎம்-ஓஎஸ்ட்ரீ ஸ்டேட்டஸ் என்ற கமாண்டில் பார்த்தால் இரண்டும் வரிசையாகத் தெரியும்; ஓடுவதற்குப் பக்கத்தில் ஒரு கரும்புள்ளி. பாதியில் கரண்ட் போனாலும் பழையது அப்படியே இருக்கும். மின்வெட்டு வராத மாதமே இல்லாத ஊரில் இது பெரிய நிம்மதி.

ஆனால் நான் கற்ற முக்கியமான பாடம் வேறு. ரோல்பேக் செய்தால் ஓஎஸ் மட்டுமே பின்னால் போகும். வார் டைரக்டரி போகாது. இம்மிச்சின் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸும் படங்களும் அங்கேதான் இருக்கின்றன. இம்மிச்சின் புதுப் பதிப்பு டேட்டாபேஸை மாற்றி எழுதிவிட்டால், பழைய ஓஎஸ்ஸுக்குத் திரும்பி ஒரு பயனும் இல்லை. மாற்ற முடியாத ஓஎஸ் என்பதாலேயே டேட்டா பத்திரம் என்று நினைப்பவர்களிடம் இதை அழுத்திச் சொல்கிறேன். என் குழந்தைகளின் படங்களுக்குக் காவல், தினமும் எடுக்கும் டேட்டாபேஸ் டம்ப்பும் வெளி டிஸ்க்குக்குப் போகும் ரெஸ்டிக் பேக்கப்பும்தான். பழைய லேப்டாப் ஒன்றில் பியூட்டேன் ஃபைலைப் போட்டு, பேக்கப்பைத் திரும்ப எடுத்து, படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே டெபியனை அழித்தேன்.

இன்னொன்று: இக்னிஷன் முதல் பூட்டில் மட்டுமே ஓடும். ஓடுகிற மெஷினில் எதையாவது மாற்றினால் பியூட்டேன் ஃபைலுக்கு அது தெரியாது. அதனால் முதலில் ஃபைலைத் திருத்தி, விர்ச்சுவல் மெஷினில் பூட் செய்து பார்த்துவிட்டுத்தான் சர்வரில் கை வைக்கிறேன்.