கறுப்பு ஸ்லாட் இருக்கிறதா?

ஓசூரில் இருபத்தைந்து வயது மதர்போர்டைத் தேடி அலைகிறவர் யாரும் பழம்பொருள் சேகரிப்பவர் இல்லை. அவருடைய பட்டறையில் ஓர் இயந்திரம் நின்றுபோயிருக்கும். மறுநாள் அனுப்ப வேண்டிய ஜாப் பாதியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

1970களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980களில் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய ஆலைகள் வரிசையாக எழுந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் சிட்கோ வளாகத்திலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் பெருகின. டை செய்பவர்கள், கியர் வெட்டுபவர்கள், அளந்து பார்த்துச் சான்று தருபவர்கள் எனப் பலரும் 1990களின் கடைசியில் கம்ப்யூட்டரால் இயங்கும் இயந்திரங்களை வாங்கினார்கள். எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டால் வார்ப்பிரும்பு உடம்பு தலைமுறை தாண்டி உழைக்கும். அதன் பக்கத்தில் நிற்கும் சாம்பல் நிறப் பெட்டிக்கு அந்த ஆயுள் கிடையாது.

அப்படிப்பட்ட பெட்டிகளைப் பிழைக்க வைக்கும் ஒரு சிறிய பழுதுபார்ப்புக் கடைக்குச் சென்றிருந்தேன். சிப்காட் பக்கம் போகும் சாலையில், ஒரு பேரிங் கடைக்கு மேலே மாடி அறை. ஐம்பதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர், ஐ.டி.ஐ. முடித்த இரண்டு பையன்கள், சோல்டரிங் புகையை வெளியே இழுக்க ஜன்னலில் ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன். வாடிக்கையாளர்கள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேசுகிறார்கள். மூன்றிலும் பதில் வருகிறது. போர்டு, ஸ்லாட், ஜம்பர் மட்டும் எந்த மொழியிலும் மாறுவதில்லை.

போனில் யார் அழைத்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: “பெட்டியைத் திறந்து பாருங்க சார், கறுப்பா நீளமா ஸ்லாட் இருக்குதா?”

அந்தக் கறுப்பு ஸ்லாட் ஐ.எஸ்.ஏ. 1981இல் ஐ.பி.எம். பி.சி.யோடு எட்டு பிட்டாகப் பிறந்து, 1984இல் பதினாறு பிட்டாக நீண்டது. வெள்ளையாகக் குட்டையாக இருப்பது பி.சி.ஐ.; பழுப்பு நிறத்தில் தனியாக ஒன்று இருந்தால் அது படம் காட்டும் கார்டுக்கான ஏ.ஜி.பி. மைக்ரோசாஃப்ட்டும் இன்டெலும் சேர்ந்து வெளியிட்ட பி.சி. 99 வழிகாட்டி, புதிய கம்ப்யூட்டர்களில் ஐ.எஸ்.ஏ. வேண்டாம் என்றது. வீட்டுக் கம்ப்யூட்டர்களிலிருந்து அது மறைந்தது. மோட்டாரை ஓட்டும் கன்ட்ரோல் கார்டு ஐ.எஸ்.ஏ.வாக இருக்கும் பட்டறைக்காரருக்கோ, அந்த ஸ்லாட் இல்லாத போர்டு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் பயன்படாது.

நான் போன அன்று மேசைமேல் கிடந்தது ஒயர்கட் இயந்திரம் ஒன்றின் போர்டு. மாலிப்டினம் கம்பியில் மின்பொறி பாய்ச்சி எஃகை அறுக்கும் இயந்திரம் அது. வாங்கியபோது கொடுத்த புத்தகத்தைக் காணவில்லை, விற்ற கம்பெனியும் இப்போது இல்லை. போர்டில் பெயரும் தெரியவில்லை. “பேரு இல்லாட்டி என்ன, ஜாதகம் போர்டுலயே இருக்கும்” என்று மெக்கானிக் லென்ஸை எடுத்தார்.

முதலில் ப்ராசஸர் உட்காரும் இடத்தைப் பார்த்தார். 321 துளை உள்ள சதுரம் என்றால் சாக்கெட் 7, பென்டியம் காலத்தது. கார்ட்ரிட்ஜ் போலச் செங்குத்தாகச் செருகும் நீளப் பள்ளம் என்றால் ஸ்லாட் 1. 1997இல் பென்டியம் 2உடன் வந்தது. அடுத்தது சிப்செட். பெரிய சிப்பின் முதுகில் 82439டி.எக்ஸ். என்றிருந்தால் 430டி.எக்ஸ்.; 82443பி.எக்ஸ். என்றிருந்தால் புகழ்பெற்ற 440பி.எக்ஸ். எங்கள் முன்னால் இருந்தது முதல் வகை. சிப்பின்மேல் இருந்த நான்கு இலக்கத்தையும் காட்டினார். 9738 என்றால் 1997ஆம் ஆண்டின் 38ஆவது வாரத்தில் செய்தது. போர்டின் வயதைச் சொல்ல அது போதும்.

உயிரோடு இருக்கும் போர்டு என்றால் வேலை இன்னும் எளிது. ஆன் செய்ததும் திரையின் அடியில் ஒரு நீண்ட எண் வரிசை ஓடும். பாஸ் (Pause) பொத்தானை அழுத்தி அதை நிறுத்துகிறார்கள். அவார்டு பயாஸாக இருந்தால் அதற்குள் 2ஏ59ஐ என்று வருவது 430டி.எக்ஸ்., 2ஏ69கே என்று வருவது 440பி.எக்ஸ். பின்னால் வரும் எழுத்துகள் தயாரித்த கம்பெனியைச் சொல்லும். இந்த எண்களைப் பையன்கள் சுவரில் ஒரு பழைய காலண்டர் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

அடையாளம் தெரிந்தபின் நோய் பார்க்கிறார்கள். ப்ராசஸரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவுவது முதல் சோதனை. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கெட்ட எலக்ட்ரோலைட் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகெங்கும் லட்சக்கணக்கான போர்டுகளைக் கொன்றன. அவற்றைக் கழற்றி, அதே மைக்ரோஃபேரட், குறைந்த இ.எஸ்.ஆர். (உள்தடை) உள்ளதாக வைக்க வேண்டும். இன்னும் பழைய 386, 486 போர்டுகளில் நீல நிற நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து தாமிரக் கோடுகளைப் பச்சையாக அரித்திருக்கும். அது காரம் என்பதால் முதலில் வினிகர் தொட்டுத் துடைக்கிறார்கள். பிறகு சுத்தமான தண்ணீர், கடைசியில் ஐ.பி.ஏ. எனும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். அறுந்த கோட்டை மயிரிழைக் கம்பியால் இணைப்பது பையன்களில் இளையவனின் வேலை. நடுங்காத கை அவனுக்கு.

வந்த போர்டில் கெப்பாசிட்டர் நன்றாக இருந்தது. செத்திருந்தது ஹார்ட் டிஸ்க். அதன் இடத்தில் ஒரு சி.எஃப். மெமரி கார்டை அடாப்டரில் செருகினார்கள். சி.எஃப். கார்டு பழைய ஹார்ட் டிஸ்க்கின் ஐ.டி.இ. மொழியையே பேசுவதால் தனி டிரைவர் தேவையில்லை. சுழலும் பாகம் இல்லாததால் பட்டறை அதிர்வும் அதை ஒன்றும் செய்யாது. பழைய டிஸ்க்கிலிருந்து படிக்க முடிந்ததையெல்லாம் அதற்கு மாற்றினார்கள்.

பட்டறை உரிமையாளருக்கு அது போதவில்லை. “வந்ததே வந்துட்டோம்ணா, பென்டியம் 3 போர்டே போட்டுக் குடுங்க, ராமும் நிறைய போடுங்க” என்றார். மெக்கானிக் மறுத்துப் பேசவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பென்டியம் 3 போர்டை எடுத்து, அதே மெமரி கார்டைச் செருகி, இயந்திரத்தின் ப்ரோகிராமை ஓட்டிக் காட்டினார். திரையில் ‘ரன்டைம் எரர் 200’ என்று வந்து நின்றது.

காரணம் எளிது. அந்த ப்ரோகிராம் டர்போ பாஸ்கலில் எழுதியது. தொடங்கும்போது, கடிகாரத்தின் ஒரு துடிப்பான 55 மில்லிசெகண்டில் ப்ராசஸர் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணி, அதை 55ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். விடை 65,535ஐத் தாண்டினால் வைக்க இடமில்லை. வேகமே இங்கே பிழையாகிவிடுகிறது. இந்தப் பிழைக்குத் திருத்தம் உண்டு; ஆனால் மோட்டாருக்கு ஆணை போக வேண்டிய நேரத்தைச் சுற்று எண்ணியே கணக்கிடும் வேறு ப்ரோகிராம்களில் பிழைச்செய்தி வராது, அளவு மட்டும் கெடும். திரையில் பிழை காட்டி நிற்கும் ப்ரோகிராமைவிட அதுதான் ஆபத்து.

ராமும் அப்படித்தான். 430டி.எக்ஸ். 256 எம்.பி. வரை ஏற்கும், முதல் 64 எம்.பி.க்கு மட்டுமே கேஷ் உண்டு. அதற்கு மேல் கூட்டினால் வண்டி மெதுவாகலாம். 440பி.எக்ஸ். போர்டில் எட்டு சிப் உள்ள 256 எம்.பி. ராமைப் போட்டால் பாதிதான் தெரியும். பதினாறு சிப் உள்ளதைத் தேட வேண்டும். எம்.எம்.எக்ஸ். பென்டியத்துக்குக் கோர் வோல்ட் 2.8, பழைய பென்டியத்துக்கான 3.3இல் ஜம்பரை விட்டுவிட்டால் சூடேறிப் போகும். புதிய பவர் சப்ளையில் மைனஸ் 5 வோல்ட் கிடையாது, சில ஐ.எஸ்.ஏ. கார்டுகள் அது இல்லாமல் எழுந்திருக்காது.

கடைசியில் அந்த உரிமையாளர் கொண்டுபோனது தன் பழைய போர்டையே. புதிதாகச் சேர்ந்தவை மெமரி கார்டு, ஒரு சி.ஆர். 2032 பேட்டரி, ப்ராசஸர் ஃபேன். அப்கிரேட் என்பதற்கு அந்த மாடி அறையில் இருக்கும் அளவு இதுதான்: இயந்திரத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் ஒன்றும் கூட்டாதே.

போர்டே தேறாதபோது இரண்டு வழி. இன்றைய ப்ராசஸரோடு ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டும் வைத்துச் செய்யும் இன்டஸ்ட்ரியல் போர்டு வாங்கலாம். விலை கையைக் கடிக்கும். இல்லையென்றால் ஜூஜூவாடி, அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் தேட வேண்டும். அங்கும் பழைய போர்டு குறைந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். தங்கத்துக்காக எடைக்குப் போட்டு அழித்துவிடுகிறார்கள். அமிலத்தில் போர்டைக் கரைக்கும் அந்த வேலையின் நஞ்சு, செய்கிறவர் நுரையீரலுக்கும் ஊர்க் கிணற்றுக்கும் போகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி மறுசுழற்சி செய்பவரும் பழுதுபார்த்துப் புதுப்பிப்பவரும் பதிவு செய்திருக்க வேண்டும். புதுப்பித்தலும் ஒரு தொழில் என்று சட்டமே ஏற்றிருக்கிறது. இதைக் கற்றுத்தரும் பாடம்தான் ஐ.டி.ஐ.யில் இல்லை என்று பையன்கள் சொன்னார்கள். மேசையருகே நின்று பார்த்துத்தான் கற்றிருக்கிறார்கள்.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கை நகல் எடுத்துவிடுங்கள். பயாஸ் திரைகளையும் ஜம்பர்களையும் செல்போனில் படம் பிடித்து வையுங்கள். எடைக்குப் போடும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். கறுப்பு ஸ்லாட் இருந்தால் அதைத் தராசில் வைக்காதீர்கள்; ஒரு பழுதுபார்ப்புக் கடையில் கொடுங்கள்.